கோழிப் படம் போட்ட கத்தி

டெல்மர் கெஸ்லரை அடக்கம் செய்த பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை, ஃபாக்ஸ் கவுண்டி மடக்குக் கத்திச் சங்கம் துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்கு வந்தது. வரும்போது பூதக்கண்ணாடி, மேசை விளக்கு, வெள்ளை ஃபிளானல் துணி, விலைப் புத்தகம் எல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். பூச்செண்டும் வாங்கியிருந்தார்களாம். அதை மட்டும் வண்டியிலேயே மறந்துவிட்டார்கள்.

இது சங்கத்தின் வழக்கம். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் வீடு தேடிப் போய் அவர் சேர்த்து வைத்த கத்திகளை மதிப்பிட்டு, பிடித்ததை அந்த விலைக்கே வாங்கிக்கொள்வார்கள். ஒன்றும் தெரியாத விதவையை வெளியூர் வியாபாரி யாரும் ஏமாற்றிவிடக் கூடாது அல்லவா? உள்ளூர்க்காரர்கள் முந்திக்கொள்வது நல்லதுதான் என்று டெல்மரின் மனைவி ஆர்டித் நினைத்தாள். நினைத்ததைச் சொல்லாமல் காப்பி வைத்தாள்.

வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் வெண்டல் ஃபாஸ், டிராக்டர் விற்று ஓய்வு பெற்றவர். எதையும் விளக்குக்கடியில் பிடித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். செயலாளர் பர்ல் ஸ்டக்கி, சர்ச்சில் ஆர்டித்திடம் ஞாயிறு வகுப்பு படித்தவன். நாற்பது வயதாகியும் அவளை "மிஸஸ் கெஸ்லர்" என்றுதான் கூப்பிடுவான். மூன்றாமவர் ஓர்வல். அவர் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாராவது எதையாவது முன்மொழிந்தால் ஆமோதிப்பது அவர் வேலை.

டெல்மரின் சுருட்டுப் பெட்டிகள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரவியிருந்தன. உள்ளே எல்லாம் விளம்பரக் கத்திகள். விதைக் கம்பெனிகளும் பீர் கம்பெனிகளும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளும் வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுத்தவை. இனாமாக வந்த பொருளை இவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். வாங்கிய பிறகு அதைக் கொண்டு ஒரு நூலைக்கூட அறுக்க மாட்டார்கள். டெல்மரும் அப்படித்தான். வீடு நிறையக் கத்தி வைத்திருந்த மனிதர், தபாலில் வந்த பார்சலைப் பிரிக்க வேண்டுமென்றால், "ஆர்டித், உன் கத்தரிக்கோல் எங்கே?" என்று கூவுவார்.

"ஐயோ, இதைப் பாரு பர்ல்." வெண்டல் ஒரு பீர் கம்பெனிக் கத்தியை விளக்குக்கடியில் திருப்பினார். "பிடியோட செல்லுலாய்டு சுருங்க ஆரம்பிச்சிருச்சு. பாவம் டெல்மர்."

பர்ல் குனிந்து பார்த்தான். "எங்கே சுருங்கியிருக்கு? எனக்குத் தெரியலையே."

"இனிமே சுருங்கும். உன்கிட்ட இது இருக்கா?"

"இல்லை."

"என்கிட்டயும் இல்லை. அப்போ சுருங்கினதுதான். பாதி விலை போடு. முன்மொழியறேன்."

"ஆமோதிக்கிறேன்," என்றார் ஓர்வல், கண்ணைத் திறக்காமல்.

அடுத்து வந்தது ஆஷ்பி சவ அடக்க நிலையம் ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் கொடுத்த கத்தி. கறுப்புப் பிடி. அதில் வெள்ளை எழுத்தில், 'கடைசி வரை உங்களோடு.' வெண்டலின் முகம் மலர்ந்தது. அவரிடம் அதே கத்தி இரண்டு இருந்தது.

"இதெல்லாம் இப்போ கிடைக்கவே கிடைக்காது," என்றார். "புத்தகத்துல போட்டிருக்கிற விலை பழசு. மூணு மடங்கு போடு."

"நிறையப் பேர் வீட்டுல இருக்கே, வெண்டல்? செத்த வீட்டுக்கு ஒண்ணு கொடுத்தாங்களே."

"இருக்கிறவன் விக்கமாட்டான்டா. அதுதான் அருமை. போடு."

"ஆமோதிக்கிறேன்."

ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாலே யாருக்கும் இந்தக் கலை பிடிபட்டுவிடும். வெண்டலிடம் உள்ள கத்திக்கு விலை ஏறும். வெண்டலிடம் இல்லாத கத்தியில் விரிசலோ துருவோ சுருக்கமோ தென்படும். ஆர்டித் காப்பியை ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பெட்டிகள் போனால் சாப்பாட்டு மேசை காலியாகும், அதுவும் வேண்டியதுதான். அவள் பயமெல்லாம் தன் ஏப்ரன் பையில் இருந்த ஒரே ஒரு கத்தியைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கைக்கடிகாரம், சீப்பு, மூக்குக் கண்ணாடியோடு திரும்பி வந்த கத்தி அது. அவள் கல்யாணத்துக்கு முன் க்ளைன் தீவன ஆலையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். டன் கணக்கில் கோழிக்குஞ்சுத் தீவனம் வாங்குகிறவர்களுக்கு ஆலை இந்தக் கத்தியைக் கொடுத்தது. பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டெல்மர் ஒரு நாள் வந்து மிகச் சின்னப் பை ஒன்று வாங்கினார். வீட்டில் குஞ்சு எத்தனை என்று அவள் கேட்டாள். "இனிமேதான் வாங்கணும்," என்றார், காது சிவந்து. அவள் கல்லாவுக்கடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினாள். அந்தக் குளிர்காலத்திலேயே ஆலை எரிந்துபோனது. மிச்சக் கத்திகளும் அதோடு போயின. டெல்மர் மான்தோலில் ஒரு சின்ன உறை தைத்து, அதில் அந்தக் கத்தியைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உறை தேயும்போதெல்லாம் புது உறை தைத்தார். கத்தி மட்டும் கல்லாவைத் தாண்டிய நாளில் இருந்தபடியே இருந்தது.

கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சங்கத்தில் சேருகிறவர்கள் ஆண்டு விருந்தில் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். வங்கிக் கூடத்தில் சங்கத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. விருந்தன்று அதைச் சர்ச்சின் கீழ்த்தளத்துக்குத் தூக்கி வருவார்கள். புது உறுப்பினர் அதன் மேல் கையை வைத்து, "என்னிடமுள்ளதிலேயே மேலான கத்தி, எனக்குப் பிறகு இந்தப் பெட்டிக்கு," என்று சொல்வார். எது மேலானது என்பதைச் சங்கம் மதிப்பிட்டு முடிவு செய்யும். டெல்மர் அதைச் சொன்னபோது ஆர்டித் எதிரே பரிமாறும் மேசையில் நின்று மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதாரக் கேட்டது. பனிப்புயலிலும் பால் வரும் என்று சொன்னால் கொண்டுவந்து சேர்த்த மனிதர் அவர். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவரைப் பொய்யராக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆகவே அந்தக் கத்தி கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தாள். படவைத்தது ட்வைலா. டெல்மரின் தங்கை. அடுத்த தெருவிலிருந்து காலையிலேயே ஜெல்லி சாலட்டோடு வந்து, உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

"ஆர்டித், ஆஸ்பத்திரிப் பையில ஒரு கத்தி வந்துச்சே. அதை ஏன் காட்டலை? நாள் முழுக்க ஏப்ரன் பையிலேயே தடவிட்டு இருக்கே."

மூன்று ஆண்களும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஆர்டித் உறையை எடுத்துத் துணி மேல் வைத்தாள்.

வெண்டல் கத்தியை உறையிலிருந்து உருவினார். பிடியில், தெளிந்த செல்லுலாய்டுக்கு உள்ளே, சிவப்புக் கோழி ஒன்றும் மஞ்சள் குஞ்சுகளும். கீழே, 'க்ளைன் தீவனம் – உங்கள் குஞ்சு பிழைக்கும்.' நேற்று அச்சடித்தது போல் இருந்தது. வெண்டல் அதைக் காதோடு சேர்த்து அலகை விரித்தார். டக்கென்று ஒரு சத்தம். மடித்தார். மறுபடி டக்.

"கேட்டியா பர்ல்? பேசுது."

"பேசுது," என்றான் பர்ல் மெல்ல.

"சாணைக்கல்லையே பார்க்காத அலகு. ஃபாக்டரி போட்ட கோடு அப்படியே இருக்கு. ஒரு ஆப்பிள் தோல்கூடத் தொட்டதில்லை."

ஓர்வல் கண்ணைத் திறந்தார். அவர் கண் நீல நிறம் என்பதே ஆர்டித்துக்கு அன்றுதான் தெரிந்தது.

வெண்டல் அலகின் அடியில் பொறித்திருந்த முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். மறுபடி பார்த்தார். "இந்த முத்திரையை இருபத்திரண்டாம் வருஷத்தோட நிறுத்திட்டாங்க. அப்படின்னா இந்தக் கத்தி அதுக்கு முந்தினது. க்ளைன் ஆலையோட முதல் கத்தியா இருக்கும்."

"ஐம்பத்திரண்டு, வெண்டல்," என்றாள் ஆர்டித். "நான்தான் டெல்மர்கிட்ட கொடுத்தேன்."

வெண்டல் அவளைப் பரிவோடு பார்த்தார். "துக்கத்துல அப்படித்தான் ஆர்டித். காலமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். என் அக்காவுக்கும் அப்படித்தான் ஆச்சு."

"எனக்கு ஒண்ணும் கலக்கலை. கத்திக் கம்பெனி ஆளு வந்து, பழைய அலகு மூட்டையாக் கிடக்குது, புதுப் பிடி போட்டு மலிவாத் தர்றேன்னு க்ளைன்கிட்ட சொன்னான். நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். ரோஸ் கலர் டை கட்டியிருந்தான்."

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்," என்றார் வெண்டல், நம்பாத குரலில். "ஆனா டை கலரை எல்லாம் அட்டையில எழுத முடியாது பாருங்க. முத்திரை சொல்றதைத்தான் எழுத முடியும்."

"இருபத்திரண்டுல நான் பொறக்கவே இல்லையே, வெண்டல். அப்புறம் எப்படிக் கொடுத்திருப்பேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் வெண்டல்.

விலைப் பேச்சு வந்தது. இந்தக் கத்தியை வெண்டல் வாங்கப்போவதில்லை. அது கண்ணாடிப் பெட்டிக்குப் போகப்போகிறது, பெட்டியின் சாவி வெண்டலிடம் இருக்கிறது. ஆகவே விலையைக் குறைக்க எந்த அவசியமும் இல்லை. அது ஏறிக்கொண்டே போனது. மேசையிலிருந்த அத்தனை பெட்டிகளையும் தாண்டி ஏறியது. ட்வைலா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"கடவுளே! எங்கண்ணன் இதையா சட்டைப் பையில போட்டுட்டு வாத்துக்கு ரொட்டி போடப் போனான்?"

வெண்டல் எழுந்து நின்றார். கூட்டங்களில் நிற்பது போல் விரல் நுனிகளை மேசையில் ஊன்றினார். "அமரர் டெல்மர் கெஸ்லர் வாக்குக் கொடுத்தபடி, அவருடைய மேலான கத்தி இதுதான் என்று முன்மொழிகிறேன்." துக்க வீட்டில்கூட முன்மொழியும்போது அவருக்கு மேடைத் தமிழ் வந்துவிடும், ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயரோ, அது.

ஓர்வல் வாயைத் திறந்தார்.

"ஓர்வல், ஒரு நிமிஷம்," என்றாள் ஆர்டித். "ஓட்டுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். இப்படிப்பட்ட கத்தி எதனால கெட்டுப்போகும்? வங்கியில வெச்சிருக்கும்போது பத்திரமா இருக்கணுமே."

வெண்டலுக்கு இந்தக் கேள்வி தேனாக இனித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு உறுப்பினரின் மனைவியும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நல்லாக் கேட்டீங்க. ஈரம் ஆகாது. வெயில் ஆகாது. பாலிஷ் கூடவே கூடாது. ஆனா எல்லாத்துலயும் பெரிய பாவம், தீட்டறது. கல்லுல ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், போச்சு. ஃபாக்டரிக் கோடு போனா திரும்ப வராது. அப்புறம் அது சேகரிப்புல சேராது. வெறும் கருவி. வெட்டறதுக்குத்தான் ஆகும்."

"வெட்டறதுக்குத்தான் ஆகும்," என்று பர்ல் தலையை ஆட்டினான், வருத்தமாக.

"சரி," என்றாள் ஆர்டித். "கொடுங்க, கடைசியா ஒரு தடவை பார்த்துக்கறேன்."

வெண்டல் தயங்காமல் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். விதவை அழுவதைப் பார்க்க வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், பர்லும் திரும்பினான். அவள் இழுப்பறையைத் திறந்த சத்தம் கேட்டபோது கைக்குட்டை தேடுகிறாள் என்றே நினைத்தார்கள்.

இழுப்பறையில் அவளுடைய சாணைக்கல் இருந்தது. டெல்மர் தீட்டித் தரமாட்டார் என்பதால் சமையலறைக் கத்திகளை அவளேதான் தீட்டுவாள். கல்லை வைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். அலகை விரித்தாள். அதைக் கையில் விரித்துப் பிடிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கல்லாவில் கொடுத்த நாளில்கூட மடித்தபடிதான் கொடுத்தாள். டெல்மர் இருந்திருந்தால் இந்த அறையில் முதல் அலறல் அவருடையதாக இருந்திருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். அவருடைய வாக்கையும் காப்பாற்றி, கத்தியையும் அவர் வைத்திருந்தபடியே வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறதா என்று மூன்று வாரமாக யோசித்திருக்கிறாள். ஒன்றும் கிடைக்கவில்லை. 'கோவிச்சுக்காதே, டெல்,' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அலகைக் கல்லில் வைத்து இழுத்தாள்.

அந்தச் சத்தம் வேறெதையும் போல் இருக்காது. வெண்டல் சுழன்று திரும்பினார்.

"ஆர்டித்!"

அவள் அலகைப் புரட்டி மறுபக்கம் இழுத்தாள்.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க! பர்ல், பிடுங்குடா!"

"அவங்க எனக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தாங்க, வெண்டல்," என்றான் பர்ல் நின்ற இடத்திலேயே.

அவள் அவசரப்படவில்லை. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். ஒரு இழுப்பும் குறையாமல், தன் காய்கறிக் கத்திக்குச் செய்வது போலவே முழுசாகத் தீட்டி முடித்து, ஏப்ரனில் துடைத்து, வெண்டலின் வெள்ளைத் துணியின் மேல் திரும்ப வைத்தாள்.

வெண்டல் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கியது. டெல்மரை அடக்கம் செய்த அன்று அவருக்கு ஒரு சொட்டு வந்தது. அதுவும் மகரந்த ஒவ்வாமை என்று அன்றே விளக்கிவிட்டார். இன்று எதையும் விளக்கவில்லை. பர்ல் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்தான்.

"என்ன ஆச்சு இப்போ?" என்றாள் ட்வைலா. "கூர் பண்ணினா நல்லதுதானே? கத்திதானே அது?"

பர்ல் அவளைத் திகிலோடு பார்த்தான்.

"வெண்டல்," என்றாள் ஆர்டித், "டெல்மர் கொடுத்த வாக்கு நிக்கணும். எது மேலானதோ அதை எடுத்துக்குங்க. இது அதுதானா?"

வெண்டல் கத்தியைத் தொடவும் மாட்டாமல் குனிந்து பார்த்தார். விலை விஷயத்தில் எப்படியோ, தீட்டிய கத்தியை மேலானது என்று சொல்ல அவர் நாக்கு வளையாது. "இல்லை," என்றார். "இதுக்கு இனி மதிப்பே கிடையாது. பர்ல், குறிச்சுக்கோ."

"அப்போ எது மேலானது?"

பர்ல் அதுவரை எழுதிய விலைகளை விரலால் தடவிக்கொண்டே வந்தான். விரல் ஒரு இடத்தில் நின்றது. நிமிர்ந்து தலைவரைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

"சவ அடக்கக் கத்தி, வெண்டல்."

"என்ன?"

"மூணு மடங்கு போடச் சொன்னீங்களே. அதுதான் இப்போ உச்சம்."

"அந்த பீர் கத்தி?"

"சுருங்கியிருக்குன்னு பாதி போட்டோம்."

"சுருங்கலை. நான் சரியாப் பார்க்கலை. விளக்கு சரியில்லை."

"முன்மொழிஞ்சு ஆமோதிச்சாச்சே," என்றான் பர்ல். அவனும் கொஞ்சம் கலங்கித்தான் சொன்னான். ஆனால் அவன் செயலாளர்.

"ஆமோதிச்சாச்சு," என்றார் ஓர்வல். கண் இன்னும் திறந்தேயிருந்தது.

ஆகவே, டெல்மர் கெஸ்லர் தம் வாழ்நாளில் சேர்த்த மேலான கத்தி, ஊரில் பாதி வீட்டு இழுப்பறையில் கிடக்கும் ஆஷ்பி சவ அடக்க நிலையத்தின் இனாம் கத்தி என்று ஏகமனதாக முடிவாயிற்று. அட்டை எழுதி வங்கியில் வைப்பார்கள். வெண்டல் விளக்கை மடக்கினார். துணியை உதறி, எண்ணெய் பட்ட இடத்தைப் பார்த்து, அதைத் திரும்பப் பையில் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, மேசையிலேயே விட்டுவிட்டார். கதவருகே நின்று, "டெல்மர் மேல எனக்கு மரியாதை உண்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். ட்வைலாவும் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். வண்டியைக் கிளப்பாமல் அவர்கள் முற்றத்திலேயே நின்று பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெண்டலின் கைகள் காற்றில் கல்லும் அலகுமாக அசைந்தன.

ஆர்டித் நிலவறையிலிருந்து குளிர்காலத்து ஆப்பிள் ஒன்றை எடுத்து வந்தாள். தோல் சுருங்கியிருந்தாலும் உள்ளே நல்ல பழம். உட்கார்ந்து சீவத் தொடங்கினாள். கைக்குப் பழகாத பிடி. கோழியின் கொண்டை கட்டைவிரலுக்கடியில் வந்தது. இவ்வளவு காலம் டெல்மர் நெஞ்சோடு கிடந்த பொருளுக்கு இப்போது ஆப்பிள் வாசனை வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுகொண்டதும் அவளுக்குக் கை ஒரு கணம் நின்றது. பிறகு சீவினாள்.

கதவைத் தட்டிவிட்டு பர்ல் தலையை நீட்டினான். "தொப்பியை விட்டுட்டேன், மிஸஸ் கெஸ்லர்."

எடுத்துக்கொண்டவன் போகவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு துண்டு அரிந்து, அலகின் மேலேயே வைத்து நீட்டினாள். அவன் முற்றத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சத்தமே இல்லாம வெட்டுதே," என்றான்.

"கத்தி அப்படித்தான் பர்ல்."

"என் வீட்டுல அலமாரி நிறைய இருக்கு. ஒண்ணாலகூட நான் எதையும்..." நிறுத்தினான். "வெண்டல்கிட்ட சொல்லிடாதீங்க."

முற்றத்தில் ஹார்ன் அடித்தது. அவன் தொப்பியைத் தலையில் வைத்தான்; ஆனால் நகரவில்லை.

"இன்னொண்ணு வேணுமா?"

"தோலோட கொடுங்க," என்றான் பர்ல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.